படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே

சென்னையில் அச்சான கல்கி, மைசூரில் எங்கள் கைக்கு வர இரண்டு ரயில் ஏற வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் வரை அகலப் பாதை. அங்கே கட்டை இறக்கி மீட்டர் கேஜ் வண்டியில் ஏற்றுவார்கள். தொண்ணூறுகளில் மைசூர்ப் பாதை அகலமாகும் வரை இதுதான் வழி. பெங்களூரில் இணைப்பு வண்டி தவறிவிட்டால் பத்திரிகை ஒரு நாள் தள்ளிப்போகும். அந்த ஒரு நாள் சாமுண்டிபுரத்தில் இருந்த தமிழ் வீடுகளில் யாருக்கும் இருப்புக்கொள்ளாது. அப்பா அசோகபுரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வேலை முடிந்ததும் சைக்கிளை ஏஜெண்ட் கடைப் பக்கம் திருப்பி, "கட்டு வந்துட்டுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

எல்லாப் பத்திரிகைகளையும் வாங்க எந்த வீட்டிலும் சம்பளம் போதாது. அதனால் வீட்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் கல்கி, பின் தெருவில் ஆனந்த விகடன், ஸ்டோர்ஸ் குமாஸ்தா வீட்டில் கலைமகளும் மஞ்சரியும், மாடி வீட்டில் குமுதம். யார் வீட்டுக்குப் பிறகு யார் வீடு என்ற வரிசையை அம்மா நாள்காட்டியின் பின்புறம் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார். சுற்று முடிந்ததும் இதழ் அதை வாங்கிய வீட்டுக்கே திரும்ப வேண்டும். காரணம், தொடர்கதை. அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்யும் உரிமை சந்தா கட்டியவருக்குத்தான்.

அம்மா கட்டிய அப்படி ஒரு தொகுதி இப்போது என் மேசையில் இருக்கிறது. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலுவின் படங்களோடு. பின் தெரு வீட்டுக்காரர் மாற்றலாகிப் போகும்போது பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போக, அம்மா தானே தைத்திருக்கிறார். கோணி ஊசியால் மூன்று துளை, சணல் நூல், முதுகில் பழைய பாவாடைத் துணி. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சியிருப்பார். துணியை ஒட்டிய இடமெல்லாம் இன்றும் லேசான பச்சை தெரிகிறது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளில் அந்த முதுகுப் பக்கத்தை மட்டும் பூச்சி தொடவில்லை.

புத்தகமாக வந்த பதிப்பில் இல்லாத பலதும் இந்தத் தொகுதியில் உண்டு. கதை முடிகிற பக்கத்தின் மறுபுறம் பாதி சமையல் குறிப்பு, கூந்தல் தைல விளம்பரம், துணுக்கு, அடுத்த வாரத்துக்கான அறிவிப்பு. ஓரத்தில் அம்மாவின் கையெழுத்தில் பால் கணக்கு. ஒரு கதையை மக்கள் எந்தச் சூழலில், எதற்கும் எதற்கும் நடுவே படித்தார்கள் என்பதை இந்த ஓரங்கள்தான் சொல்கின்றன. பெரிய நூலகங்களில் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழித்துவிடுகிற வழக்கம் நெடுநாள் இருந்தது. வீட்டில் கட்டியவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. வந்ததை வந்தபடியே தைத்தார்கள்.

எதிர்வீட்டில் ஒரு கன்னட டீச்சர் இருந்தார். அவர் வீட்டுக்கு 'சுதா', 'கஸ்தூரி', பிள்ளைகளுக்குக் கன்னட 'சந்தமாமா'. எங்களுக்கு 'அம்புலிமாமா'. 1947-இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1949-இலேயே கன்னடத்துக்கும் வந்துவிட்டது. எல்லாம் வடபழனியில் ஒரே இடத்தில் தயாரானவை. அதே படம், அதே விக்கிரமாதித்தன், அதே முருங்கை மரம். எழுத்து மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே இருப்பதை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தே நான் கன்னடம் படிக்கக் கற்றேன். பள்ளிக்கூடத்தில் கன்னட வாத்தியார் அரிச்சுவடியைத் திறக்கும்போது எனக்கு வேதாளம் பேசிய எழுத்தெல்லாம் தெரிந்திருந்தது.

டீச்சரின் அப்பா காலத்துச் சேமிப்பாக அவர்கள் வீட்டில் 'கொரவஞ்சி' இதழ்களும் இருந்தன. 'ராசி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் எம். சிவராம் 1942-இல் தொடங்கி 1967 வரை நடத்திய கன்னட நகைச்சுவைப் பத்திரிகை அது. மைசூரில் பிறந்து மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்த ஆர்.கே. லக்ஷ்மண், நாடறிந்த கார்ட்டூனிஸ்ட் ஆவதற்கு முன் அதில் வரைந்தார். டீச்சர் அந்தப் பக்கங்களைக் காட்டும்போது கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்வார்.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கமும் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளில் தமிழ் எழுத்து வெளியே தெரியக்கூடாது என்று எல்லோரும் அஞ்சினோம். பத்திரிகைகளை வைத்திருந்த டிரங்குப் பெட்டியை எங்கே மறைப்பது என்று அப்பா தவித்தார். இருட்டிய பிறகு டீச்சர் கொல்லை வழியாக வந்தார். "அக்கா, பெட்டியை எங்க வீட்ல வைங்க. எங்க வீட்டை யாரும் சோதிக்க மாட்டாங்க" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். அவரும் அவர் மகனுமாகப் பெட்டியைத் தூக்கிப்போய்த் தங்கள் பூஜை அறையில் வைத்துக்கொண்டார்கள். ஊர் அடங்கியதும் பெட்டி திரும்பி வந்தது. ஒரு இதழ்கூடக் குறையவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் பிள்ளைகள் அமெரிக்காவில் தங்கிவிட, வீட்டை விற்று மகளோடு போகும்போது கொரவஞ்சி கட்டுகளை எங்களிடம் கொடுத்தார். "படிக்கிறவங்க வீட்ல இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பெட்டி, இரண்டு மொழி.

இன்று நான் குவெம்பு நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. சந்தா கட்டிய வீடுகள் எல்லாம் கலைந்துவிட்டன. கல்கி 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. அம்புலிமாமா அதற்கும் முன்பே நின்றுவிட்டது. பேரப் பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள். படிக்கக் கன்னடமும் ஆங்கிலமும்தான். அட்டையைப் பார்த்து "தாத்தா, இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். நான் படித்துக் காட்டினால் ஆசையாகக் கேட்கிறார்கள். எனக்குப் பிறகு படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. முன்பு ஒரு இதழுக்கு ஐந்து வீடு காத்திருந்தது. இப்போது இதழ்கள் ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கின்றன.

பழைய பேப்பர்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு இதழை எடுத்து மடக்கினார். மடித்த இடத்தில் தாள் முறிந்தது. "சார், இது பழுத்துப்போச்சு. புதுப் பேப்பர்னா நல்ல ரேட் தருவேன். இதுக்குக் குறைச்சல்தான்" என்றார். தொழில் தெரிந்தவர், சொன்னது சரி. பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்துச் செய்த கூழ். மரத்தில் உள்ள லிக்னின் அதில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுக்கும், தாளில் அமிலம் கூடும், இழை முறியும். எடைக்கடையில் பழசாக ஆக மதிப்பு இறங்குகிறது. அதே தாளுக்கு வரலாற்றில் பழசாக ஆக மதிப்பு ஏறுகிறது. இந்த இரண்டு தராசுக்கும் நடுவில்தான் தமிழின் பல பத்திரிகைகள் காணாமல் போயின.

ஒரு பத்திரிகைக்கு என்ன மதிப்பு என்று அது வெளிவருகிற காலத்தில் யாராலும் சொல்ல முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் மறையும் வரை நடந்தது. அதற்கு ஊக்கமான வாசகர்கள் இருந்த இடங்களில் ஒன்று, அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயல். பின்னாளில் ஜி. அப்பாதுரை அதே பெயரில் இதழை அங்கிருந்தே மீண்டும் நடத்தினார். ஒரு பைசா விலையுள்ள அந்த இதழ்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற சிலர். அவர்கள் காத்து வைத்த இதழ்களிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை, சாதி ஒழிப்புச் சிந்தனையின் வரலாற்றைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. எண்பத்தைந்து ஆண்டு காலம் ஒரு பெரும் சிந்தனையாளரின் குரல் சில வீடுகளின் அலமாரியில் உயிரோடு இருந்திருக்கிறது.

எங்கள் ஊர் இப்படி ஒரு அதிசயத்தை அதற்கும் முன்பே பார்த்திருக்கிறது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் தம்மிடமிருந்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். நூலகத்தில் இருந்த ஆர். சாமசாஸ்திரி 1905 வாக்கில் அதைப் படித்து, அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டார். 1909-இல் அது அச்சேறியது. பெயரால் மட்டும் அறியப்பட்ட நூலின் முழுப் பாடம் உலகுக்குக் கிடைத்தது. சாமசாஸ்திரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஓலையை அடுப்பில் இடாமல், ஆற்றில் விடாமல், அதைப் படிக்கக்கூடிய இடம் எது என்று தேடிக் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் மரியாதை கூடுதல்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய பேப்பர்க் கடை கடையாகத் தேடி நூல்களும் பத்திரிகைகளும் நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையுமாக ஒரு லட்சத்தை ஒட்டிச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேமிப்பை வாங்கியது. வாங்கியும் கடல் கடந்து கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆய்வு நூலகமாக அமைய உதவியது. கொடுத்தவர், வாங்கியவர், படிக்கப்போகிறவர் மூவரையும் நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

இதையெல்லாம் எண்ணித்தான் சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்துக்குப் போன் செய்தேன். இரண்டு பெட்டி நிறையப் பத்திரிகை இருக்கிறது, கொடுக்க விரும்புகிறேன் என்றேன். பேசிய பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். "ரொம்ப சந்தோஷம் சார். எவ்வளவு இருக்குங்கறதைவிட எது எது இருக்குங்கறதுதான் எங்களுக்கு வேணும். மலர், இதழ், தேதி போட்டு ஒரு பட்டியல் அனுப்ப முடியுமா? எங்ககிட்ட விட்டுப்போன இதழோட ஒத்துப் பார்க்கணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் பாதை தெரிந்தது.

பட்டியல் போட உட்கார்ந்தேன். பத்திரிகையின் பெயர், மலர், இதழ், தேதி, அட்டை உண்டா, விளம்பரப் பக்கம் உண்டா, எந்தப் பக்கம் இல்லை. துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்தேன். துரு தாளை அரிக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக்கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். பசை பழுத்து எழுத்தையே மறைத்துவிடுமாம். சில இதழ்களில் அட்டை போய், முதல் பக்கம் போய், தேதியே இருக்காது. தொடர்கதை எத்தனையாவது அத்தியாயம் என்று பார்த்து, உள்ளே வரும் சினிமா விளம்பரத்தைப் பார்த்து, எந்த வாரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்ய மொழி தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் வாசித்தவராக இருக்க வேண்டும். கொரவஞ்சிக்கும் இதே பட்டியலைக் கன்னடத்தில் போட்டேன். டீச்சரின் சந்தமாமா எனக்குக் கற்றுத் தந்த எழுத்து அதற்குப் பயன்பட்டது.

பதில் வந்தது. கல்கியிலும் விகடனிலும் பெரும்பாலானவை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. அட்டையோடு இருந்த சில தீபாவளி மலர்களைக் கேட்டார்கள். அம்மா தைத்த தொகுதியை அப்படியே, பிரிக்காமல், பால் கணக்கோடு கேட்டார்கள். நான் பொருட்படுத்தாமல் கடைசியில் எழுதியிருந்தவற்றைத்தான் முதலில் கேட்டார்கள்: மைசூரிலும் பத்ராவதியிலும் தங்கவயலிலும் இருந்த தமிழர் அமைப்புகள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் அச்சடித்த சிறு மலர்கள், பணிமனைத் தொழிலாளர்களின் தமிழ்த் துண்டுப் பிரசுரங்கள். சென்னையில் அச்சானது சென்னையில் எங்கோ ஒரு இடத்தில் கிடைத்துவிடும். வெளிமாநிலத் தமிழர் தங்களுக்காக அச்சடித்துக்கொண்டது அந்த வீடுகளில் மட்டும்தான் இருக்கும்.

கொரவஞ்சி கட்டுகளை ஹரலஹள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மைசூரிலிருந்து ரயிலில் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டினால் பாண்டவபுரம். அதன் பக்கத்துக் கிராமம். அந்த ஊரில் அங்கேகௌடா என்பவர் தனி மனிதராக ஒரு 'புஸ்தக மனெ', அதாவது புத்தக வீடு, எழுப்பியிருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து, பிறகு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து, சம்பளத்தில் பெரும்பகுதியைப் புத்தகத்துக்கே செலவழித்தவர். மைசூரில் இருந்த வீட்டைக்கூட இதற்காக விற்றார். சேமிப்பு 20 லட்சம் நூல்கள் என்கிறார்கள். யாரும் போகலாம், உட்கார்ந்து படிக்கலாம். டீச்சர் சொன்ன 'படிக்கிறவங்க வீடு' என்பதற்கு இந்தப் பக்கத்தில் இதைவிடப் பெரிய வீடு எனக்குத் தெரியாது.

கொடுப்பதற்கு முன் எல்லா அட்டைகளையும், கிடைத்தற்கரிய பக்கங்களையும் படியெடுத்தேன். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பது ஆபத்து. மைசூர் ராஜீவ் நகரில் கூலித் தொழிலாளி சையத் இசாக், தான் படிக்க முடியாமல் போன குறையை மற்றவர்களுக்குத் தீர்க்க வேண்டும் என்று நடத்திய இலவச நூலகம் 2021 ஏப்ரலில் எரிந்தது; சுமார் 11,000 புத்தகங்கள் சாம்பலாயின. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். அந்த இழப்பை மறக்காத ஈழத்தமிழர்கள் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், ஊரில் வந்த சின்னஞ்சிறு சஞ்சிகையைக்கூடத் தேடிப்பிடித்து மின்வடிவில் வைக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய இதழ்களைச் சேர்க்கிறது.

தமிழ்ப் பொக்கிஷம் மைசூரில் இருக்கலாமா என்ற விவாதம் நமக்குப் புதிதல்ல. ஊட்டியிலிருந்து 1966-இல் இங்கே வந்த தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். எழுத்து அதைப் படிக்கக்கூடியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். என் தமிழ் இதழ்கள் சென்னைக்குப் போனதற்கும், டீச்சரின் கன்னட இதழ்கள் இங்கேயே இருப்பதற்கும் அதுவே நியாயம்.

அம்புலிமாமாவையும் சந்தமாமாவையும் மட்டும் நான் கொடுக்கவில்லை. அவை பேரப் பிள்ளைகளுக்கு. கன்னடம் தெரிந்தவர்கள், நான் வந்த வழியிலேயே அவர்கள் எதிர்த்திசையில் வரலாம். பெரியவள் இப்போது படத்துக்குக் கீழே எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறாள்.

மைசூரில், பெங்களூரில், பத்ராவதியில், ஷிவமொக்காவில், தங்கவயலில், மும்பையில் தமிழ்ப் பத்திரிகை உள்ள டிரங்குப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. பல வீடுகளில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அநேகமாக என் வயதுக்காரர். அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எங்கே கொடுப்பது என்ற கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, பெயர், மலர், இதழ், தேதி என்று கோடு போட்டு எழுதத் தொடங்குங்கள். உள்ளூரில் அச்சடித்த சின்ன மலர்களை முதலில் எழுதுங்கள். பட்டியல் இருந்தால் உங்களுக்குப் பிறகு தமிழே தெரியாத பிள்ளைகளும் அதை ஒரு நூலகத்துக்கு அனுப்பி, சரியான இதழைச் சரியான இடத்தில் சேர்த்துவிட முடியும். பட்டியல் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் பழைய பேப்பர். அவர்கள் மேல் குற்றமும் இல்லை. இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நாம்தான். நமக்குக் கண் தெரிகிறபோதே செய்துவிட வேண்டும்.